கிருபன் கொண்டுவரும் ஐந்து கிலோ

அல்பெர்கேரியா, பலெர்மோ
மாசி 16, ஞாயிறு

அன்பு மகன் சுஜீவனுக்கு அப்பா எழுதுவது,

நானும் உன்னைப் பெத்த கொம்மாவும் நடந்து திரிகிற அளவுக்குச் சுகம். அந்தோனியார் புண்ணியத்தில் என்னுடைய பிரஷரும் அவவின் சீனியும் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் போனில் சுகமோ என்று கேட்கிறேன், நீயும் ஓம் அப்பா சுகம் என்கிறாய், இரண்டு பேரும் வாய்ப்பழக்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம். இந்தமுறை பழக்கத்துக்குக் கேட்கவில்லை மகன், உண்மையாகவே கேட்கிறேன், நீயும் றெபேக்காவும் பிள்ளை லேயாவும் சுகமாக இருக்கிறீர்களா? போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடதாசியும் பேனையுமாக இருக்கிறான் என்று நினைப்பாய். எங்கள் வீடு உனக்குத் தெரியாததா, ஒரு அறையும் ஒரு குசினியும், எந்த மூலையில் நின்று கதைத்தாலும் கொம்மாவின் காதுக்குள்தான் கதைக்கவேண்டும். அவவுக்குத் தெரியாமல் உன்னோடு கதைக்க எனக்கு வேறு வழியில்லை. முழங்கால் நோகிறது என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகாமல் நின்றுவிட்டேன், அவ வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் ஆகும்.

போன கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின பட்டியலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பழைய கரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம், விடுமுறைக்குச் சுற்றப் போகிறோம், காரில் கொழுவி இழுத்துக்கொண்டு போகும்போது கையோடு இருக்க ஸ்பெயார் சாமான் வேண்டும் என்று பத்துச் சாமானை நம்பர் போட்டுக் கேட்டிருந்தாய். நீ கரவன் என்பதைத்தான் நாங்கள் இங்கே றூலொத் என்கிறோம், எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. பகேரியாவில் லொரென்சோவின் யார்டில் இருபத்திரண்டு வருடமாக ஊரார் றூலொத்துகளைக் கழுவி, கழற்றி, பூட்டி, கிறீஸ் அடித்துச் சீவிக்கிறவன் நான். ஒருவன் வாங்குகிற சாமானைப் பார்த்தே ஆள் எங்கே போகிறான், எத்தனை நாளுக்குப் போகிறான் என்று சொல்லிவிடுவேன். உன் பட்டியலில் சில்லுக்கு ஒன்று, பின் லைற்றுக்கு ஒன்று, அந்த இரண்டும்தான் ஓட்டத்துக்கு. மற்ற எட்டும், தண்ணீர் பம்ப், கூரை ஒழுக்கை அடைக்கிற பசை, காஸ் குழாய், ஹீற்றரின் பியூஸ், கழிவறைப் பெட்டியின் றப்பர் வளையம், ஜன்னல் கொளுக்கி, உள் பல்ப், கதவுப் பூட்டு, எல்லாம் நிற்கிற றூலொத்துக்கு வேண்டியவை. விடுமுறைக்குப் போகிறவன் கதவுப் பூட்டுக்கு ஸ்பெயார் கேட்பானா? மாசி மாதத்தில் இங்கிலாந்தில் யாரடா விடுமுறைக்குப் போகிறான்? அடியில் ஒரு வரி வேறு, கரவன் நிப்பாட்டுற இடத்திலை இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்கால் இடம் மாத்தச் சொல்லுவினம் அப்பா, கிட்டடிக்குத்தான் இழுக்கிறது எண்டு. அதைப் படித்துவிட்டு, லேயா பாட்டுப் பாடி அனுப்பின வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிள்ளையின் தலைக்கு மேலே இருந்தது வீட்டுச் சீலிங் இல்லை, கைபிடி போட்டுத் தூக்கித் திறக்கிற கூரை ஜன்னல். அந்த மாதிரி நூறு ஜன்னல் என் கையால் மாற்றியிருக்கிறேன். பாட்டுக்குப் பின்னால் கேட்டது தாளம் என்று கொம்மா சொன்னா, அது மெல்லிய கூரையில் விழுகிற மழை. நீங்கள் மூன்று பேரும் அதுக்குள்தான் குடியிருக்கிறீர்கள். வீட்டுக்காரன் எழுப்பினானோ, வேலை போனதோ, எவ்வளவு காலமோ, நான் கேட்கவில்லை. சொல்லக்கூடியது என்றால் நீயே சொல்லியிருப்பாய்.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முதல் இரண்டு நாளும் உன்மேல் கோபம், பிறகு முழுவதும் என்மேல். பத்தொன்பது வயதில் நீ ஒரு கோடை முழுக்க யார்டுக்கு வந்து என்னோடு வேலை செய்தாய். கை நல்ல கை, இவனை வைத்திருப்போம் அகஸ்ரின் எண்டு லொரென்சோ இரண்டுதரம் கேட்டார். உனக்கும் விருப்பம்தான், நான்தான் குறுக்கே நின்றேன். என்ரை மகன் அடுத்தவன்ரை றூலொத்துக்குக் கீழே முதுகு போட்டுக் கிடக்கக்கூடாது, கையிலை இத்தாலியன் பாஸ்போட் இருக்கு, இங்கிலாந்துக்காரர் கதவைச் சாத்த முதல் போய்ச் சேர் எண்டு துரத்தாத குறையாக அனுப்பினேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் விமான நிலைய பஸ்ஸில் ஏறும்போது நீ அழுதாய், நான் பார்க்காத மாதிரி ரிக்கற்றை வாசித்துக்கொண்டு நின்றேன். இப்போது நீ உன் சொந்த றூலொத்துக்குக் கீழே சேற்றில் கிடக்கிறாய். அடுத்தவனுடையதுக்குக் கீழே கிடந்திருந்தால் பின்னேரம் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாய். என்னை மன்னித்துக்கொள் ராசா. இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

திரும்பி வா என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அங்கே றூலொத்தில் கிடக்கிறதை இங்கே வந்து என் கண்ணுக்கு முன்னால் கிட, யார்டின் பின் மதிலோடு ஒரு நல்ல றூலொத்தை நிறுத்தித் தருகிறேன் என்று எழுதலாம் என்று திங்கட்கிழமை லொரென்சோவிடம் கதைக்கப் போனேன். நான் வாய் திறக்க முதல் அவர் திறந்தார். யார்டை விற்கப் போகிறாராம், ஆனி மாதத்தோடு சரியாம், வீடு கட்டுகிறவர்கள் வாங்குகிறார்களாம். அறுபத்திரண்டு வயதில் இனி என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள். வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு போ அகஸ்ரின், மிச்சம் எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குத்தான் எண்டு சொல்லித் தோளில் தட்டினார். அதுதான் உன் தகப்பனுக்குக் கிடைத்த மரியாதை. நீங்கள் வந்தாலும் லேயாவுக்கு இத்தாலியனில் ஜெலாத்தோவை விட்டால் ஒரு சொல் தெரியாது, நீங்களும் அங்கே குடியிருக்கிற உரிமையை விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் பிடிக்கேலாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவர்தான் முட்டுகிறது.

கொம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னபடியே, சுற்றுலாப் போகப் போகினம், மகன் சாமான் கேட்டிருக்கிறான் என்றுதான் சொன்னேன். அப்ப பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ எண்டு ஒரு கேள்வி கேட்டா, நான் ஏதோ சமாளித்தேன், பிறகு அவ அந்தக் கதையையே எடுக்கவில்லை. காலையில் தான் பராமரிக்கிற கிழவி, அந்தச் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கப் போறா, மத்தியானம் வாறா, வழக்கம்போல என்னை ஏசுறா. போன ஞாயிறு மட்டும் வெறுங்காலோடு சாந்தா ரோசாலியாவின் கோயில் மலைக்கு ஏறிவிட்டு வந்தா. என்ன நேர்த்தி என்று கேட்டேன், கால் நோவுக்கு எண்டு சொன்னா. கால் நோவுக்கு யாராவது வெறுங்காலோடு மலை ஏறுவார்களா? இந்த மனுசிக்கு மூளை கழன்றுவிட்டது என்று நானும் இரண்டு ஏச்சு ஏசினேன்.

இனிச் சாமானுக்கு வருகிறேன். கிளறா அக்காவின் மகன் கிருபன் வியாழக்கிழமை லண்டனுக்குப் பறக்கிறான், அங்கிருந்து உங்கள் கொவென்றிப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வருகிறானாம். கொண்டுவந்து தருவான், ஆனால் மாமா, ஐஞ்சு கிலோவுக்கு மேலை ஒரு கிறாமும் ஏலாது எண்டு சொல்லிவிட்டான். நான் யார்டிலிருந்து எடுத்து வந்தது பதினொரு கிலோ. கொம்மா வேலைக்குப் போன நேரத்தில் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, எதை விடுகிறது எதை வைக்கிறது என்று ஒரு காலை முழுக்க யோசித்தேன். எது பழுதானால் நடுத்தெருவில் நிற்பாயோ, அங்கே கடையில் கேட்டால் எது உடனே கிடைக்காதோ, அதை மட்டும் வைத்தேன். தண்ணீர் பம்பை விட்டேன், வாளியில் அள்ளிக் குடிக்கலாம். பல்ப், பியூஸ், பசை எல்லாம் அங்கே மூலைக்கு மூலை விற்கும். காஸ் றெகுலேட்டரை வேண்டுமென்றுதான் விட்டேன், இங்கத்தைய மரை உங்கள் சிலிண்டருக்குப் பொருந்தாது, அராவிப் பொருத்தித் தாறன் என்று ஒருவன் வந்தால் அவனைத் துரத்து. நீ அனுப்பின அச்சுத் தகட்டுப் படத்தைப் பார்த்தேன், அதே பழைய அச்சு யார்டில் ஒன்றில் இருந்தது கடவுள் செயல். அதனால் சில்லுப் பேரிங் இரண்டு செற், வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்று, சீலோடும் ஊசியோடும் பெட்டியில் இருக்கும். சின்ன ரின்னில் கிறீஸ். போல்ட் நாலு, இவை றூலொத்துச் சில்லுக்கு மட்டும், கார்ச் சில்லின் போல்ட்டோடு கலந்துவிடாதே. பிறகு ஒரு மெல்லிய கம்பி, கொக்கி கழன்றால் றூலொத்தின் பிரேக்கைத் தானாக இழுத்துப் பிடிக்கிற கம்பி. உன்னுடையதில் அது துருப்பிடித்திருக்கிறது, நீ அனுப்பின கொக்கிப் படத்தில் தெரிகிறது, முதல் வேலையாக மாற்று. அதோடு ஸ்பெயார் சில்லின் டயரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் டயரின் பூ தேயாமல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அதை நம்பாதே. இங்கே தெருக்கரைக் குழியில் விழுகிறது வலது சில்லு, உங்கள் ஊரில் இடது பக்கம் ஓடுவதால் இடதுதான் முதலில் அடிவாங்கும். எல்லாவற்றையும் பல்லாரோச் சந்தையில் ஒலிவ்காரனின் தராசில் வைத்து நிறுத்தேன், அவன் பேரிங்கைத் தூக்கிப் பார்த்து இது கிலோ என்ன விலை எண்டு பகிடி விட்டான். சரியாக ஐந்து கிலோ.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். எவ்வளவு குளிர் என்றாலும் காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்காதே. காஸ் ஹீற்றரை எரியவிட்டுக்கொண்டு நித்திரை கொள்ளாதே. நச்சுக் காற்றுக்குக் கூவுகிற அலாரம் ஒன்று கட்டாயம் வாங்கிப் பூட்டு. பிள்ளைக்குக் குளிரும் என்று நீ யோசிப்பாய், எனக்கும் தெரியும். ஹீற்றருக்கு ஸ்பெயார் என்று அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை, உடுப்பைக் கூட்டிப் போட்டுப் படுங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. படியில் கொம்மாவின் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

மகன், இது புதன்கிழமை காலை. கிருபன் பார்சல் எடுக்க வந்து குசினியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான், நான் அறைக்குள் இருந்து எழுதுகிறேன். அவன் தொங்கவிட்டு நிறுக்கிற தராசு ஒன்று கொண்டுவந்தான். மாமா, ஐஞ்சரைக்கு மேலை காட்டுது எண்டான். ஒலிவ்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்தினேன். கொம்மா எழும்பிப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினா. பார்சலை இங்கே கொண்டுவந்து அவிழ்த்தேன். பேரிங் பெட்டிகளுக்குக் கீழே ஒரு சுடுதண்ணிப் பை, புதிது, பார்மாச்சியா மருந்துக்கடையின் ஸ்ரிக்கர்கூட உரிக்கவில்லை, தன் பச்சை ஸ்வெற்றரின் கையை வெட்டி அதுக்கு உறை தைத்திருக்கிறா. அதோடு காலுக்குப் போட மூன்று சோடி கம்பளி மேசு, பெரிசு, நடுத்தரம், சின்னன். எனக்கு முதலே அவவுக்குத் தெரிந்திருக்கிறது. அவ மலைக்கு ஏறினது எதுக்கு என்று இப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்குகிறது, அதுக்குப் போய் ஏசினேனே.

பாரத்தைக் குறைக்கவேண்டும். கம்பியை எடுக்கமுடியாது, போல்ட்டை எடுக்கமுடியாது, பையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு செற் பேரிங்கை எடுத்துவிட்டேன். பெட்டி இரண்டு இருக்கும், ஒன்றுக்குள் பேரிங் இருக்காது, இந்தக் கடதாசிதான் இருக்கும், தரும்போதே அதைத் திறக்கச் சொல்லிக் கிருபனிடம் சொல்லிவிடுகிறேன், இரண்டு செற் இருக்கிறது என்று நம்பித் தெருவில் நின்று ஏமாந்து போகாதே. இருக்கிற செற் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் ஒருதரம்தான் மகன். உனக்கு இனி ஒருதரம்தான் பழுதாகலாம்.

கொம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை, அவவும் சொல்லப் போவதில்லை. நீயும் போனில் சுகம் என்றே சொல்லு, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஓம் என்று கேட்டுக்கொள்ளுவோம். மடுமாதா அந்த மெல்லிய கூரைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டிருக்கட்டும், பிள்ளையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. ஓடி நிறுத்தின உடனே இரண்டு சில்லின் நடுவையும் புறங்கையால் தொட்டுப் பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறது மாதிரி. ஒன்று மற்றதைவிடச் சுட்டால் பேரிங் போகிறது, அதுக்கு மேலே ஒரு அடியும் இழுக்காதே.

உன் அப்பா,
அகஸ்ரின்