கொழும்புக்குப் போக ஒரு கையெழுத்து

முன்பல் இரண்டும் போனதிலிருந்து ஜவுளிக்கடை சண்முகசுந்தரம் வாய்விட்டுச் சிரித்ததில்லை. கொழும்பில் பல் வைத்தியராக இருக்கும் மைத்துனர் பாதிச் செலவில் கட்டித் தருவதாக எழுதியும், "பல்லுக்காகக் கடல் தாண்டணுமா?" என்று காலையில்கூட மனைவி புஷ்பத்திடம் முறைத்துவிட்டுப் போனார். மதியம் வீட்டுக்கு வந்தால் அவள் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் சீட்டு இருந்தது.

"அத்தான், சோறு குழைய வடிச்சிருக்கேன். பாஸ்போர்ட் மனு தட்டுக்கு அடியில இருக்கு. கோபத்தை விட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. நான் பாண்டி பஜார் ஸ்டூடியோவுக்குப் போறேன்."

அடியில் நெருக்கி எழுதியிருந்தாள்: "படம் எனக்குத்தான். நானும் வர்றேன். கல்யாணமாகி பதினாறு வருஷத்துல நாம ரெண்டு பேரு மட்டும் எங்க போனோம்?"

சண்முகசுந்தரம் கையெழுத்துப் போட்டார். சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு விரைந்தார். புஷ்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு எடுங்க" என்றார்.