மூடி போட்ட சிவப்புக் கிண்ணம்

ஷிசுவோகா

அன்பு மகள் மிசுஹோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், மழை வருவதை என் முழங்கால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலைக்கு ஓடாதே, காலையில் சூடாக எதையாவது குடி.

அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்றால் புத்தாண்டுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாய், என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் தவித்துப்போனேன். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாய் என்ற கோபத்தில் உன் பெயரைக்கூட எடுக்காத மனிதர் அவர். நீ போன புதிதில், வெளியூர் போன பிள்ளை பசி அறியக்கூடாது என்று நம் வழக்கப்படி உன் சிவப்புக் கிண்ணத்தில் சாப்பாடு வைத்து மூடினேன், மூடியின் உள்ளே நீர் கோத்தால் பிள்ளை நலம் என்பார்களே. உன் அப்பா, "அவ என்ன செத்தா போயிட்டா, படையல் வைக்கிற?" என்று கத்தினார், அதோடு விட்டுவிட்டேன். இந்த வசந்தத்தில் அந்தக் கிண்ணமும் காணாமல் போனது. அலமாரியைத் தலைகீழாக்கித் தேடினேன், "நீதான் எங்கயாவது வச்சு மறந்திருப்ப" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

நேற்று பல் வைத்தியரிடம் போய்விட்டு ஓதென் சந்து வழியாக வந்தேன், பள்ளிக்கூடம் விட்டதும் கறுப்புக் குழம்பில் வெந்த மீன் வடையைக் குச்சியோடு கடிப்பாயே, அதே சந்துதான். சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓதென் விற்கும் தொமியேயின் கடை வாசல் திரைக்குக் கீழே தெரிந்த காலணி, நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய உன் அப்பாவுடையது. திரையை விலக்கி நுழைந்தேன், அவர் பக்கத்து முக்காலி மட்டும் காலி. உட்காரப் போனால் தொமியே அகப்பையை நீட்டி, "அண்ணி, அங்க வேணாம், அது ஆள் இருக்கிற இடம்" என்றாள். அந்த இடத்துக்கு முன்னால் மூடி போட்டபடி உன் கிண்ணம்! "வாரம் தவறாம வந்துடுவாரு, மகளுக்கு முள்ளங்கி குழைய வெந்ததா போடுன்னு என் உயிர வாங்குறாரு" என்று சிரித்தாள். உன் அப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மூடியை எடுத்து, உள்ளே கோத்திருந்த நீர்த்துளிகளை விளக்கில் காட்டி, "பாரு, நல்லாத்தான் இருக்கா" என்றார். கொதிக்கிற குழம்பை ஊற்றி மூடினால் எந்த மூடிதான் நனையாது, மிசுஹோ, ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிண்ணத்தைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்றேன். "இங்கயே இருக்கட்டும், புத்தாண்டுக்கு வருவால்ல, அவளே வந்து எடுத்துக்கட்டும்" என்றார். உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவே இல்லை.

தெய்வமும் நம் முன்னோரும் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். விமானச் சீட்டை இப்போதே எடுத்துவிடு. வீட்டுக்கு நடந்து வரும்போது, உயரமான ஆளுக்கு அந்த முக்காலி தாங்குமா என்று உன் அப்பா கேட்டார், அதனால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
கிமியோ