தட்டுக்கு ஐம்பது கிராம்

அன்புள்ள நெட்டையனுக்கு,

கர்த்தர் உன்னையும் உன் வேதாகமப் படிப்பையும் காத்துவருவார் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதிப் பேர் நலம்.

மூன்று வாரமாக அம்மா போனை எடுப்பதில்லை, நேரில் போய்ப் பார்த்துச் சொல் என்று கேட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. போனும் நன்றாகத்தான் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம். அதற்கு முன் சங்கத்துச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிறான் பார் என்று நீ பல்லைக் கடிப்பது தெரிகிறது. கடி.

ஆலயத்துப் பின்னறையில் நாம் இரண்டு பேர் ஆரம்பித்த வாலிபர் சங்கத்தில் இப்போது பதினெட்டுப் பேர். "சோறு தர்மமில்லை, உரிமை" என்று நீ சுவரில் எழுதியதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். என் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. போகிற இடமெல்லாம் தராசைத் தூக்கிக்கொண்டு போவதால் போதகர்கூட என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுகிறார். வேலை நீ ஆரம்பித்ததுதான். சபை நடத்தும் விடுதிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகிறோம். அடுப்பிலிருந்து இறங்கும் சோற்றை நிறுக்கிறோம், பிள்ளைகளின் தட்டில் விழுவதையும் நிறுக்கிறோம். நடுவில் காணாமல் போவது எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறோம். முதல் விடுதியில் ஒரு காப்பாளர் வேலையை விட்டே போனார். இரண்டாவதில் கிடங்குக்காரரை மாற்றினார்கள். மூன்றாவது பெரிய விடுதி, உன் அம்மா இருபது வருஷமாகச் சமைக்கிற விடுதி.

அதை விட்டுவிடலாமே என்று இரண்டு பேர் இழுத்தார்கள். நான்தான் கூடாது என்றேன். முகம் பார்த்துத் தராசைத் தூக்கினால் அது என்ன நீதி, அவன் இங்கே இருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பான் என்று உன்னைச் சொல்லித்தான் அவர்கள் வாயை அடைத்தேன். உண்மையைச் சொன்னால், உன் அம்மாவின் அடுப்படியில் ஒரு குறையும் இருக்காது, அதைக் காட்டிவிட்டால் நமக்குத்தான் பெருமை என்று நினைத்தேன்.

தட்டுக்கு ஐம்பது கிராம் குறைந்தது. நான்கு நாள் நிறுத்தோம், நான்கு நாளும் அதே ஐம்பது. இருபது வருஷத்துக் கை, ஒரு கிராம் பிசகவில்லை. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு ஏழு கிலோ. அந்த ஏழு கிலோ மூடி போட்ட வாளியில் சாயங்காலம் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் வாசலில் மறித்தது நான்தான். உன் அம்மா மழுப்பவில்லை. வாளியை அவரே தூக்கித் தராசில் வைத்தார். பின்சந்தில் பதினோரு வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், இதை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் வாளியைச் சாட்சிக்கென்று பூட்டி வைத்தோம். மறுநாள் கெட்டுப் போயிருந்தது, கொட்டிவிட்டோம்.

ஒருவன் பேச்சை நம்பி யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது, அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதி போட்டவன் நீ. படிக்கக் கிளம்பும்போது நம் வேலை நின்றுபோகக் கூடாதென்று பேருந்து நிலையத்தில் பெட்டியின் மேல் வைத்து ஆறு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நீதான். இரண்டு முன்பே செலவாகிவிட்டன. இந்த அறிக்கை மூன்றாவது தாளில்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அறிக்கையை வாசித்தார். சபைக் குழு அங்கேயே வேலைநீக்கத்தை அறிவித்தது. உன் அம்மா முன்னால் வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் உன் கையெழுத்துத் தெரியும். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "எம்புள்ள கையெழுத்துதான்," என்று பக்கத்திலிருந்த பெண்களிடம் காட்டினார், நீ பரிசு வாங்கி வந்த மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவன் இதப் பாத்துட்டுதான் போட்டானாப்பா?"

சபையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் இருக்கிறது. நடந்ததையெல்லாம் என் வீட்டில் போய் நிமிர்ந்த நெஞ்சோடு சொன்னேன். என் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா போனப்புறம் மூணு வருஷம் நீ தின்னது எந்தச் சோறுன்னு நெனச்ச? ரெண்டு பேரும் அந்த வாளியிலதான்டா வளந்தீங்க," என்றாள். சபையிலிருந்து வருகிறது என்று நம்மிடம் சொல்லிவைத்திருந்தார்கள். முழங்கால் போட்டு நன்றி சொல்லிவிட்டுத்தானே சாப்பிடுவோம். நெட்டையா, அப்போது அந்த விடுதியில் இருந்த பிள்ளைகளின் ஐம்பது ஐம்பது கிராம்தான் நீயும் நானும். அன்றிலிருந்து என் அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

உன் அம்மாவுக்கு, சங்கம் பட்டியல் போட்டு ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். உணவைத் திருடியதாக அறிக்கையில் வந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, சங்கத்தில் எனக்குக் கிடைக்கும் பங்கைத்தான் கொண்டு போனேன். "இதையும் எட போட்டுதான் கொண்டுவந்தியா?" என்று கேட்டார். போட்டுத்தான் கொண்டு போயிருந்தேன், பழக்க தோஷம். வாங்கிக்கொள்ளவில்லை. விடுதி கொடுத்திருந்த அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். பின்சந்தில் ஒரு வீட்டில் மூலை கேட்டிருக்கிறார். அந்தப் பதினோரு வீட்டுப் பிள்ளைகளையும் நம் பட்டியலில் சேர்க்க எழுதிக் கொடுத்தேன். புதுப் பெயர்கள் வருஷத் தொடக்கத்தில்தான் ஏறும் என்று சங்கத்துப் பையன்களே நம் விதியைப் படித்துக் காட்டினார்கள். அதற்கு இன்னும் ஏழு மாதம்.

இதைப் படித்ததும் உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் போட்டது வெறும் தாளில், எனக்கு ஒன்றுமே தெரியாது அம்மா என்று எழுத உட்காருவாய். எழுதாதே. ஒரு தாள் வெறும் தாள் என்றால் மூன்றும் வெறும் தாள்தான். கிடங்குக்காரர் மறுநாளே வந்து உட்காருவார், சங்கத்தை இழுத்து மூடச் சபைக் குழுவில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். பெரிய விடுதியில் இப்போது தட்டுக்கு உரிய இருநூற்றைம்பது கிராமும் முழுதாக விழுகிறது. நேற்று ஒரு சின்னப் பெண் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனாள். அங்கே அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா ஒருத்தி, பிள்ளைகள் நூற்று நாற்பது. இதை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் பயமாக இருக்கிறது. மிச்சமுள்ள மூன்று தாளையும் கிழிக்க எடுத்தேன், கிழிக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பக்கம் பக்கமாகத் திட்டி எழுது, தாங்கிக்கொள்கிறேன். எனக்கு மட்டும் எழுது. அந்த வீட்டுக்கு ஒரு வரி வேண்டாம், இப்போதைக்கு ஊர்ப் பக்கமும் வர வேண்டாம். உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை, அதனால் கவலைப்படாமல் தேர்வை எழுது. நீ நல்ல மேய்ப்பனாக வர வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் உயிர் நண்பன்,
தராசு