பேஸ் கிட்டார் முன்னால் நிற்கும் ஆல்பம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் சௌக்கியம்.

சலவைக்கூடத்தில் என்னோடு படுக்கைவிரிப்பு மடிப்பவனுக்கு ஒட்டகம் என்று பட்டப்பெயர், அவ்வளவு உயரம். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. போன வாரம் டிஸ்கோ காலத்து ஃபங்க் இசைக்குழு ஒன்றின் ஆல்பத்தைப் போட்டான். அப்பா, அதில் பேஸ் கிட்டார்தான் மாப்பிள்ளை! பாடகர், டிரம்பெட் எல்லாம் அதன் பின்னால் வரும் ஊர்வலம். ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள், அலுக்கவே இல்லை.

கல்யாணக் கச்சேரியில் நீங்கள் பின்வரிசையில் பேஸ் வாசிக்கும்போது, "அத்தான், உங்க கிட்டாரு கேக்கவே மாட்டேங்குதே" என்று மாமா கிண்டலடிப்பார். "நான் நிறுத்திப் பாக்கட்டுமா மச்சான்? அப்பத் தெரியும்" என்பீர்களே, அவருக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

தாளத்துக்கு ஆடிக்கொண்டே மடித்ததில் நான் ஓர் அடி பின்னால் வைத்து, அழுக்குத்துணி வண்டிக்குள் மல்லாந்துவிட்டேன். அடியெல்லாம் இல்லை. சிடுமூஞ்சி மேலாளரே சிரித்துவிட்டார். இப்போது தினமும் பாட்டுக்கு அனுமதி உண்டு.

போனில் உங்கள் கிட்டார் படத்தைக் காட்டி, காற்றில் விரலால் வாசித்துக் காட்டினேன். ஒட்டகம் நீங்கள் வாசிப்பதைக் கேட்க ஆசைப்படுகிறான். பாட்டு வேண்டாம், பேஸ் மட்டும் வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி பதிய வேண்டாம். அந்தக் குரலும் அப்படியே இருக்கட்டும்.

வேலை மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்