மலையா, ரத்தமா

ஜூன் 12, வியாழன்
விடாத மழை. ஜீப்புக்கு சவாரி இல்லை. ஏலப்பாறை டூரிஸ்டெல்லாம் லாட்ஜ் ஜன்னலில். அப்பாவைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். நடுக்குவாதம் என்றார் டாக்டர். எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கப் பூச்சிமருந்து அடித்த கை, அதனாலா?

"இருக்கலாம். குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

தெரியாது. அப்பா மலையேறி வந்தார். அவர் அக்கா, என் அத்தை, சங்கரன்கோவில் பக்கமே இருந்து செத்துப்போனாள். நாங்கள் கேட்டதில்லை, அவர்கள் சொன்னதில்லை.

ஜூன் 14, சனி
அத்தை மகன் முருகேசன் மச்சான் வந்திறங்கினார். அப்பாவைப் பார்க்க என்று பேர். உண்மையில், அவர் மகனுக்கும் என் மகள் நிவேதாவுக்கும் பேசிய சம்பந்தத்தை வெட்ட. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கறுத்தது.

"தப்பா எடுக்காத மாப்ள. எங்க ஊர்ல இந்தச் சீக்கே கிடையாது. இது மலைக்கு வந்தவன் சீக்கு. விஷத்தை அடிச்சிய, ஏறிட்டு."

"அந்த விஷத்துல வெளைஞ்ச தேயிலைய மட்டும் வருஷா வருஷம் ஓசியில வாங்கிட்டுப் போறீங்க?"

மதியம் சாப்பிட்டதும் குறட்டை. சாயங்காலம் என் செருப்பையும் காணோம். அவர் காலில்.

ஜூன் 15, ஞாயிறு
தூறல். மச்சானோடு டீக்கடை. "அரை டம்ளர் போதும்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவும் நடுக்கம் எங்களுக்குத் தெரியுமுன் இப்படித்தான் அரை டம்ளர் கேட்பார். கஞ்சம் என்று சிரித்தோம். நிறைந்திருந்தால் தளும்புமே, அதுதான் காரணம்.

கடைக்காரருக்குக் கண்ணடித்தேன். விளிம்புவரை ஊற்றினார். கெட்ட புத்திதான் எனக்கு. மச்சான் தொடவேயில்லை. ஆவி அடங்கியபின் தூக்கினார். பாதி வேட்டியில்.

"குளிருதுல்லா."

"அத்தைக்கும் குளிருச்சோ, சங்கரன்கோவில் வெயில்ல?"

வேட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மைக்குக் கை நிக்காது. கடைசில நாங்கதான் ஊட்டிவிட்டோம்."

மலைப்பக்கமே வராத அத்தை! எந்த மருந்தும் அடிக்காத அத்தை! ஜெயித்தேன். தொப்பை குலுங்க, விசிலடித்துக்கொண்டே வீடு.

ஜூன் 16, திங்கள்
காலை பஸ்ஸில் மச்சான் ஒழிந்தார். சம்பந்தமும்தான். போகட்டும். டீக்கடைக் கூத்தை நிவேதாவுக்கு நடித்துக் காட்டினேன். உள்ளே அப்பா படுத்திருப்பது மறந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப மலை இல்ல, ரத்தமா?"

"பின்ன? மச்சான் வாயாலயே வந்துருச்சுல்ல!"

"மருந்தடிச்சதால வந்ததுன்னா தாத்தாவோட போயிருக்கும்ப்பா." என் கையைப் பார்த்தபடி சொன்னாள்: "அடுத்த தடவ டாக்டர்ட்ட நீயும் காட்டு. நானும் வரேன்."

ஜீப்புக்கு டீசல் போடணும் என்று எழுந்து வெளியே வந்தேன். டேங்க் நிறைய இருந்தது.