லெமன் கேக்குக்குப் போன சின்னம்

அன்புள்ள வெர்னா,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், பீனிக்ஸ் வெயிலில் பதமாக வெந்துகொண்டிருக்கிறேன். ஒரு சின்னச் சமாச்சாரம், பயப்படாதே. போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரில் எங்கே எரிவாயு கசிந்தாலும் அரை மணியில் ஓட வேண்டும் என்பதால் எரிவாயுக் கம்பெனி லாரி என் வாசலில்தான் நிற்கும். வாசலில் எது நிற்கலாம் என்றுகூட விதி போடும் எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தலைவி மிஸஸ் கிட்வெல்லுக்கு அது ஓயாத உறுத்தல்.

"டெல்மர், அந்த மஞ்சள் சின்னத்தப் பாத்தாலே தலைவலி வருதுப்பா!"

நல்ல பெயர் வாங்கலாமென்று கதவிலிருந்த கம்பெனிச் சின்னத்தை உரித்தெறிந்தேன். லெமன் கேக் கொடுத்தாள், தின்றேன். மறுவாரமே லாரியை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

நூலகத்தில் உட்கார்ந்து மாநிலச் சட்டத்தைப் படித்தேன். அவசர வேலைக்கான லாரியை வீட்டில் நிறுத்துவதைச் சங்கம் தடுக்க முடியாதாம். ஆனால் கம்பெனிச் சின்னம் வெளியே தெரிய வேண்டுமாம். கிட்வெல்லிடம் ஓடினேன்.

"சின்னம் இல்லாட்டி அது வெறும் லாரிதானே டெல்மர்? கேக் எப்படி இருந்துச்சு?"

மேலாளரிடம் வேறு சின்னம் கேட்டால் உரித்த கதை வெளிவந்து வேலை போகும். லாரி இங்கே நிற்காவிட்டாலும் போகும். ஐம்பத்திரண்டு வயதில் என்னை எவன் எடுப்பான், வெர்னா?

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது நம் வீட்டு ஃபிரிட்ஜில் கம்பெனியின் காந்தச் சின்னம் ஒன்றை ஒட்டிவைத்தேனே, லாரிக் கதவில் ஒட்ட அதை இக்கடிதம் கிடைத்த அன்றே விரைவுத் தபாலில் அனுப்பு. இருபதாம் தேதி சங்கத்தில் நோட்டீஸ் மீது விசாரணை. அதனடியில் செருகிய நம் படத்தையும் அனுப்பு. என் ஃபிரிட்ஜ் கதவு வெறுமையாக இருக்கிறது.

தபால் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது.

உன் மடப் புருஷன்,
டெல்மர்