வாயை மூடிய மூன்று நாள்

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டார். நான்தான் உன்னைச் சும்மா விடப்போவதில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் டாக்டர் கோட்டைக் கருக்கியது வேறொருத்தி, திட்டு வாங்கியது நீ என்று உன் மகள் வந்தபோது சொன்னாள். தேய்ப்பு மேசையிலிருந்து எடுத்து, ரத்தத் துணி பிரிக்கிற இடத்தில் உன்னைப் போட்டுவிட்டார்களாமே. நீ வாயே திறக்கவில்லையாம். ஒன்பது வயதில் ஒரு ரிப்பனுக்காக என் கையைக் கடித்தவள் நீ. சிவப்பு ரிப்பன். புதன்கிழமை.

என் கோபம் கிடக்கட்டும். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். மேற்பார்வையாளர் கத்தும்போது உனக்கு உள்ளே என்ன நடந்தது? ஒளிக்காமல் எழுது.

அக்கா

மார்ச் 9

அன்பு அக்கா,

கடித்தது வியாழக்கிழமை.

கோட்டைக் கருக்கியவள் புதிதாக வந்த பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அதற்கு முந்தின ஞாயிறுதான் போதகர் சொன்னார், இயேசுவை வைதபோது அவர் திருப்பி வையவில்லை, அந்த அடிச்சுவட்டில் நாமும் நடக்க வேண்டும் என்று. நடந்து பார்த்தேன். உள்ளே என்ன நடந்தது என்றா கேட்கிறாய்? பிடிபட்ட மீன் மாதிரி நாக்கு துள்ளியது. பல்லால் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

உன் வீட்டில் மருமகளோடு சண்டை ஓய்ந்ததா?

தங்கச்சி

மார்ச் 20

அன்புத் தங்கச்சி,

எங்கே ஓய்ந்தது. நான் கழுவிவைத்த பாத்திரத்தை மருமகள் என் கண்ணெதிரே எடுத்து மறுபடி கழுவினாள். இது ஏழாவது தடவை, ஏழுக்கும் தேதி சொல்வேன். சரி, நீ செய்ததை நானும் செய்து பார்க்கலாம் என்று வாயை மூடினேன்.

மூன்றாம் நாள் மகன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். "அம்மா, தயவுசெஞ்சு திட்டிடு. நீ இப்படி உக்காந்திருந்தா வீடே மூச்சு முட்டுது. நாங்க தனியா போயிடுறோம்."

மருமகள் அழுதாள். "என்ன தப்புன்னாவது சொல்லுங்க அத்தை."

மகன் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டான். பேத்தியும் போய்விடுவாள்.

எனக்குப் புரியவில்லை. இயேசுவும்தான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன், என்னை நினைத்துக்கொள்ளும் என்று அவரிடம் துணிந்து கேட்டானே. இந்த மூன்று நாளில் என்னிடம் ஒரு சிட்டிகை உப்புகூட யாரும் கேட்கவில்லை. என் மௌனத்தில் என்னடி கோளாறு?

அக்கா

மார்ச் 28

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்னிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பழியை ஏற்றுக்கொண்டேன், உண்மை. ஆனால் அந்தப் பெண் கடந்து போகும்போதெல்லாம் ரத்தத் துணியைக் கொஞ்சம் உயரத் தூக்கி உதறினேன், அவள் பார்க்கட்டும் என்று. இதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

நேற்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இடுப்பு வலிக்குது, அந்தக் கூடையக் கொஞ்சம் தூக்கிக் குடுப்பியாம்மா" என்று கேட்டேன். ஓடிவந்து தூக்கினாள். மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றாள். உன் வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்போது நாக்கு துள்ளவில்லை.

நீயும் மருமகளிடம் ஏதாவது கேளேன்.

தங்கச்சி

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சி,

கேட்டேன். கண்ணுக்கு மருந்து விடச் சொன்னேன். நானே விட்டால் பாதி கன்னத்தில்தான் போகிறது. மருமகள் சந்தேகத்தோடுதான் வந்து என் தாடையைப் பிடித்தாள்.

"கண்ண மூடாதீங்க அத்தை."

"நீ மொதல்ல கை நடுங்காம ஊத்து."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன், "நீ பாத்திரத்த மறுபடி கழுவுறது எனக்கு வலிக்குது."

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் பேசாம கழுவினேன்" என்றாள். பார், அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இன்று காலையும் ஒரு தட்டு. என்னைக் கூப்பிட்டு, ஒட்டியிருந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிவிட்டுக் கழுவினாள். மகன் வீடு பார்க்கிற பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அந்த ஏழு தடவையில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. எனக்கு மறக்க வராது. அது பாவமோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உயிர்த்தெழுந்து வந்த பிறகும் இயேசுவின் கையில் ஆணிக் காயம் இருந்ததே. அதைக் காட்டிக்கொண்டுதானே சீடர்களிடம் சமாதானம் என்றார். அப்படியானால் அவரும் மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? போதகரிடம் கேட்டு எழுது. யார் கேட்டது என்று சொல்லாதே.

அக்கா